எதிர்ப்பக்கத்துக்காரி

அவள் ஒரு புத்தகத்தை நேராகப் பிடித்துப் படித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. கையில் கொடுத்தால் வாங்குவாள். ஒரு சுற்றுச் சுற்றுவாள். தலைப்பு தன் வயிற்றைத் தொடும்படி வைத்துக்கொள்வாள். பிறகு மடை திறந்துவிட்ட மாதிரி படிப்பாள். மருந்துப் புட்டி, தீப்பெட்டி, சோப்பு சுற்றி வந்த காகிதம், எதுவானாலும் முதலில் அந்தச் சுற்று. சுற்ற முடியாதவைதான் அவளுக்குக் கஷ்டம். சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி வரும்போது அதன் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிக்க, வண்டி கிட்டத்தில் வந்து நின்றாக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள்கூட அதற்குள் படித்துவிடுவார்கள். அவள் தலையைச் சாய்த்து, இன்னும் சாய்த்து, கடைசியில் என்னைக் கேட்பாள்: “எங்கடி போவுது அது?”

பேர் சொல்லப் போவதில்லை. சொன்னால் தேக்காவில் பல வீடுகளுக்குத் தெரிந்துவிடும். தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவளுக்கு எப்போதும் கூச்சம்.

எங்கள் பள்ளிக்கூடம் சுண்ணாம்புக் கம்பம் என்கிற குடியிருப்பில் இருந்தது. ஒரு பக்கம் மாட்டுப்பட்டி, மறுபக்கம் சூளை. காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தால் சாணி வாசனை. அந்தப் பக்கமிருந்து அடித்தால் கண்ணெரிச்சல். அத்தாப்பு ஓலைக் கூரை. சுவர் இடுப்புவரை, அதற்கு மேல் வெளிச்சம். ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள், மூன்றுக்கும் ஒரே டீச்சரம்மா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், வெள்ளைச் சேலை, மெல்லிய குரல். அந்தக் குரலை எங்கள் மூன்று வகுப்பும் சேர்ந்து முழுங்கிவிடும். உலகப் படம் ஒன்று ஆணியில் தொங்கியது. அதில் அமெரிக்காவைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. டீச்சரம்மா ஓட்டைக்குள் விரலை விட்டு, “இங்கே அமெரிக்கா” என்பார். நாங்கள் ஓட்டையைப் பார்த்து நம்பினோம்.

ஐந்து பெண்களுக்கு ஒரு இங்கிலீஷ் ரீடர். பாயின் நடுவில் அது கிடக்கும். சுற்றி நாங்கள். நேர்ப்பக்கத்தில் இருவர் உட்காரலாம். அது முதலில் வந்தவர்களுக்கு. வலப்பக்கம் ஒருத்தி, குண்டாக இருப்பாள், வாய் ஓயாது. இடப்பக்கம் நான். எனக்கு எழுத்தெல்லாம் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். இன்றைக்கும் புத்தகத்தை எடுத்தால் என் தலை தானாகச் சாய்கிறது. கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சுளுக்கா என்று கேட்டார்.

எதிர்ப்பக்கம் எப்போதும் அவளுக்கு. ஏனென்றால் அவள் எப்போதும் கடைசியாக வருவாள். அவள் அம்மா பட்டியில் எருமை வைத்திருந்தார். விடியலில் கறந்து, அம்மாவும் மகளும் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்து ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். பாவாடை ஓரத்தில் பால் காய்ந்த வெள்ளை வட்டங்களோடு ஓடி வருவாள். மிச்சமிருக்கிற இடத்தில் உட்காருவாள். முதல் வாரம் தடுமாறியிருப்பாளோ என்னவோ, எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்து, எங்கள் ஐவரில் அவளைப் போல வேகமாகப் படித்தவர் யாருமில்லை, நேர்ப்பக்கத்து மகாராணிகள் உட்பட.

“ஏய் வௌவாலு, இந்த வார்த்தை என்னா?” வலப்பக்கத்துக்காரி கேட்பாள்.

“பட்டப்பகல்ல ஒனக்குத் தெரியலையா? அப்ப யாருடி வௌவாலு?” என்று சொல்லிவிட்டு, வார்த்தையையும் சொல்லிக்கொடுப்பாள்.

தலைகீழாகப் படித்தது அல்ல அவளை அவளாக ஆக்கியது. அதைவிட வேறொன்று இருந்தது. எதிரே உட்கார்ந்ததால் அவளுக்குப் புத்தகத்துக்கு மேலே எங்கள் நான்கு முகங்களும் தெரியும். அவள் படித்து முடித்ததும் கண் நிமிரும். ஒவ்வொரு முகமாகப் போகும். தாளின் மூலை அவள் விரலிடுக்கில் இருக்கும், ஆனால் புரட்டமாட்டாள். கடைசி முகம் முடிக்கிறவரை. அந்தக் கடைசி முகம் அநேகமாக என்னுடையது. “ம்?” என்பாள். நான் தலையாட்டினால் தாள் புரளும். ஒருநாள் வெட்கப்பட்டுக்கொண்டு முடிக்காமலே தலையாட்டினேன்.

“பொய். நீ இன்னும் நரிகிட்டயே நிக்கிற.”

நான் அந்தக் கதையில் நரி வருகிற வரியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். சூளைப் புகை கூடத்துக்குள் வந்து போனது.

டவுன் பக்கம் மேட்டின்மேல் வெள்ளைக்கார மிஸியம்மாக்கள் நடத்திய பெரிய பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. கல் தூண்கள், கூரையில் ஆடும் பங்கா, பிள்ளைக்கு ஒரு மேஜை. எங்கள் மாதிரிச் சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அவர்கள் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்டர் துரை வந்து பரீட்சை வைத்து அது யார் என்று சொல்வார். அவளுக்கு அது கிடைத்தால் மேலே படிப்பு. கிடைக்காவிட்டால் பட்டி. சம்பளம் கட்டிப் படிக்கவைக்க அத்தையால் ஆகாது. அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு எருமைகளோடு ஒற்றையாளாக நின்றவர். பட்டியில் ஏற்கெனவே ஒரு கை குறைவு.

என் அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார். அத்தை பால் ஊற்ற வந்த ஒரு காலையில் வாசலில் நின்று அந்தக் கணக்கைச் சொன்னார்.

“இங்க பாரும்மா. சுமாரான மூளைக்குத்தான் நல்ல பள்ளிக்கூடம் வேணும். எம்பொண்ணு சுமாரு. அவளைச் சம்பளம் கட்டிப் பெரிய பள்ளிக்கூடத்துல போட்டாத்தான் கரையேறுவா. உம்பொண்ணு அப்படி இல்ல. நல்ல மூளை எங்க உக்காந்தாலும் படிச்சிரும்.”

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். சுமார் என்ற சொல்லுக்கு அதுவரை இவ்வளவு எடை இருந்ததில்லை.

அத்தை பாலை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “அப்ப எம்மவ எங்க கொட்டாயிலயே உக்காந்து பாஸ் பண்ணிருவாங்கிறீங்க.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“சொல்லிட்டீங்களே கிராணியாரே. எருமைக்கும் சேத்துச் சொல்லிக்குடுக்கச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா பாஸாவட்டும்.”

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அன்று முழுவதும் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் துரை வந்த நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தொப்பியையும் மடித்த செய்தித்தாளையும் மேஜையில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. சிவந்த முகம், களைத்த கண். ஊரில் இருக்கிற அத்தனை அத்தாப்புப் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகள் ரீடரை ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நேர்ப்பக்கத்தார் இருவரும் படித்தார்கள். நான் தலையைச் சாய்த்துக்கொண்டு படித்தேன். கழுத்து வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேறிவிட்டேன்.

அடுத்தது அவள். புத்தகத்தை வாங்கினாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். படித்தாள்.

துரை கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. டீச்சரம்மாவிடம் இங்கிலீஷில் சொன்னதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது: இந்தப் பெண்ணுக்குப் பாடம் மொத்தமும் நெட்டுரு. புத்தகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அவர் வேறொரு பக்கத்தைப் புரட்டி, புத்தகத்தை நேராக அவள் கையில் வைத்து, அது மறுபடி சுற்றிவிடாமல் தன் விரல்களாலும் பிடித்துக்கொண்டார். படி என்றார்.

அவள் எழுத்துக் கூட்டினாள். டி, எச், ஈ. நாங்கள் தரையைப் பார்த்தோம். எங்கள் வகுப்பின் குரல் அவள். அந்தக் குரல் ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் போல ஒவ்வொரு படியாகத் தவழ்ந்துகொண்டிருந்தது. இரண்டு வரி முடிவதற்குள் துரை புத்தகத்தை மெதுவாக வாங்கி மூடிவிட்டார். போகலாம் என்று கையசைத்தார்.

டீச்சரம்மா துரைக்கு முன்னால் வாய் திறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. சம்பளம், பள்ளிக்கூடத்து மானியம், எல்லாம் அந்த மனிதர் பேனாவில் இருந்தது. அன்று டீச்சரம்மா மேஜையருகே போனார். துரையின் செய்தித்தாளை எடுத்தார், உத்தரவு கேட்காமல். பாயின் நடுவில் விரித்தார்.

“உக்காருங்கடி,” என்றார் எங்களிடம். “எப்பவும்போல.”

நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். எப்போதும்போல. துரை எழுந்து வந்து இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தார்.

“வாசி,” என்றார் டீச்சரம்மா.

வாசித்தாள். ரப்பர் விலை. பினாங்குப் பக்கம் காற்றில் சிக்கித் தாமதமான கப்பல். குதிரைப் பந்தயம். யாரோ ஒரு துரைசானியின் காணாமல்போன நாய், பழுப்பு நிறம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். அர்த்தம் தெரியாத வார்த்தைகளையும் விடவில்லை. அன்று காலைதான் அச்சாகி வந்த தாள். அதை யார் நெட்டுருப் போட்டிருக்க முடியும்? துரை குனிந்தபடியே இருந்தார். பிறகு, தன் முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எங்கள் பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தத் தாளை அவள் பார்க்கிற பக்கமிருந்து பார்க்க முயற்சி செய்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் அவரால் முடியவில்லை.

ஏன் இப்படிப் படிக்கிறாய் என்று அவளிடம் நேராகக் கேட்டார்.

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அதற்குப் பதில் வேறென்ன இருக்க முடியும் என்கிற மாதிரி டீச்சரம்மாவைப் பார்த்துவிட்டு, தமிழில் சொன்னாள்: “மத்த பக்கமெல்லாம் ஆள் இருந்தாங்க, சார்.”

டீச்சரம்மா அதை இங்கிலீஷில் சொன்னார். துரை எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் எத்தனை ரீடர் இருக்கிறது என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொண்டார், எழுதினார். இலவச இடம் அவளுக்கு. போகும்போது செய்தித்தாளை எடுத்துக்கொள்ளவில்லை. மறந்தாரோ, விட்டுவிட்டுப் போனாரோ. அடுத்த வாரம் முழுதும் அதுதான் எங்கள் ரீடர்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேர்ப்பக்கத்து இருவருக்கும் அந்த வருஷமே கல்யாணம் ஆனது. வலப்பக்கத்து வாயாடி அவள் அண்ணனோடு கிள்ளானுக்குத் தோட்டத்துக்குப் போனாள். மூளை அவர்களுக்கும் இருந்தது. இடம் ஒன்றுதான் இருந்தது.

பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்பா சம்பளம் கட்டினார். அவளுக்கு இலவசம், ஆனால் வருஷா வருஷம் நல்ல மார்க்கு வாங்கினால்தான் அது நீடிக்கும். நான் டிராமில் போனேன். அவள் பால் ஊற்றிவிட்டு நடந்தே வந்தாள், வாசலில் மணி அடிக்கும்போது சரியாக. முதல் நாள் ஆளுக்கொரு புதுப் புத்தகம் கொடுத்தார்கள். அவள் அதை மோந்து பார்த்தாள். பிறகு சுற்றினாள். பின்வரிசையில் சிரிப்பு. மிஸியம்மா அருகில் வந்து, அன்பாகவே, புத்தகத்தை நேராக்கினார். மறுபடி சுற்றினாள். மறுபடி நேராக்கினார். அன்றைக்கு அவர்கள் இருவரும் எத்தனை முறை அந்தப் புத்தகத்தைச் சுற்றினார்களோ.

சில வாரங்களில் அவள் நேராகப் படிக்கப் பழகிவிட்டாள். வேகம்கூடக் கொஞ்சம் வந்தது. ஆனால் முதல் பருவப் பரீட்சையில் அவள் பேர் கடைசிக்குச் சற்று மேலே. நான் நடுவில். சுமாரான மூளை கரையேறிக்கொண்டிருந்தது, அப்பா சொன்ன மாதிரியே.

“நல்ல மூளை, நல்ல பள்ளிக்கூடம்,” அப்பா சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். “அப்புறம் எங்க இடிக்குது?”

“அவளையே கேளுங்க,” என்றாள் அம்மா. “இல்ல எருமையைக் கேளுங்க.”

நான் கேட்டேன். பள்ளிக்கூடத்து வளாகத்தில் ஒரு அங்சானா மரம் இருந்தது, மஞ்சள் பூவாகக் கொட்டும். மதியத்தில் அதன் கீழே அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரே பக்கம். வெகுநேரம். தாள் மூலை விரலிடுக்கில்.

“ஏண்டி திருப்பாம வெச்சிருக்க? புரியலையா?”

“புரிஞ்சிருச்சு.”

“அப்புறம்?”

பூ ஒன்று புத்தகத்தில் விழுந்தது, ஊதினாள். “படிச்சிட்டு நிமிந்தா எதிர்ல யாரும் இல்லடி. திருப்பலாமா வேணாமான்னு தெரியல.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சிரித்தாள், தன்னையே கிறுக்கச்சி என்று நினைத்துக்கொள்கிற மாதிரி. நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்குத் தாள் நேர், அவளுக்குத் தலைகீழ். நடுவில் ஒரே புத்தகம். அவள் கண் வரிகளின்மேல் ஓடி, நிமிர்ந்து, என் முகத்துக்கு வந்தது. “ம்?”

அதற்குப் பிறகு தினமும் மதியம் அங்கேதான். தபாலாபீஸ்காரர் மகள், யூரேசியக் குடும்பத்துச் சட்டைக்காரப் பெண், பூகோளம் சுத்தமாக வராது, வந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு சீனத் தவுக்கேயின், பெரிய கடை முதலாளியின், மகள், தங்க வளையலோடு. ஆளுக்கொரு புத்தகம் பையில் கிடக்க, நாலு பேரும் ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்தோம்.

“டர்ன் லா,” என்பாள் வளையல்காரி.

“வெயிட் லா,” என்பாள் இவள், சட்டைக்காரப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த முகத்தில் எங்கே தடை இருக்கிறதோ அந்த வரிக்கு விரலைக் கொண்டுபோவாள். விளக்குவாள். விளக்கும்போது அவளுக்கே அது இன்னொரு முறை தெளிவாகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகத்தில் அது தெரியும். அடுத்த பரீட்சையில் சட்டைக்காரப் பெண் பூகோளத்தில் தேறினாள். இவள் வகுப்பில் முதல்.

மிஸியம்மா இதையெல்லாம் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒருநாள் மரத்தடிக்கு வந்தார். அவர் தடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அவளிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: சீமைப் பரீட்சையில் உனக்கு எதிரே யார் உட்காருவார்கள்?

சீமைப் பரீட்சை என்றால், கேள்வித்தாள் கப்பலில் வரும். பதிலெழுதிய தாள் கப்பலில் போகும். முடிவு மறுபடி கப்பலில் வரும். நன்றாகத் தேறினால் ஆசிரியைப் பயிற்சி, வேலை. பட்டியிலிருந்து வெளியே வர அவளுக்கு இருந்த வாசல் அது. அதில் பக்கத்தில்கூட ஆள் இருக்காது, எதிரே எங்கே?

அந்தக் கேள்விக்காக அவள் மிஸியம்மாவைக் கடைசிவரை மதித்தாள். ஏனென்றால் கேட்டுவிட்டு அவர் போய்விடவில்லை. வாரத்தில் ஒருநாள் மாலை அவளை ஆளில்லாத வகுப்பறையில், சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் உட்காரவைத்து, பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார். முதல் முறை அவள் பாதிகூட எழுதவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அந்தக் கடிகாரமும், மேஜையும், பழைய தாள்களும் எங்கள் அத்தாப்புப் பள்ளிக்கூடத்தில் எந்த ஜென்மத்திலும் கிடைத்திருக்காது. டீச்சரம்மாவுக்கு அந்தப் பரீட்சை எப்படி இருக்கும் என்றே தெரியாது. நல்ல மூளை எங்கே உட்கார்ந்தாலும் படித்துவிடும் என்ற அப்பாவின் கணக்கை நினைத்தால், அந்தச் சுவரும் அந்தக் கடிகாரமும்தான் என் கண்முன் வருகின்றன. அப்பா பாதி சரி. மீதிப் பாதியை அவரிடம் சொல்ல எனக்கு வயது போதவில்லை.

பரீட்சை நாளில் எனக்கு அவளுக்குச் சாய்வாகப் பின்னால் இடம். பங்காவின் காற்றில் தாள்கள் படபடத்தன. கேள்வித்தாள் வந்ததும் அவள் அதைச் சுற்றினாள். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒரு நொடி நின்று பார்த்தார், மிஸியம்மா தூரத்திலிருந்து தலையசைத்தார், அவர் நகர்ந்துவிட்டார். அவள் படித்தாள். நிமிர்ந்தாள். எதிரே முன்வரிசைப் பெண்ணின் சடை, அதற்கப்பால் வெறும் சுவர். அங்கே அவள் ஒரு மூச்சு நேரம் பார்த்தபடி இருந்தாள், வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நேரம் போய்க்கொண்டிருந்ததும் தெரியும். என் பதில்களை எழுதுவதா அவள் முதுகைப் பார்ப்பதா என்று நான் தவித்தேன். அடுத்த பக்கத்திலும் அதே நிமிர்வு. அதற்கடுத்ததிலும். மணி அடித்தபோது கூடத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரே பேனா அவளுடையது. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“கடேசிக் கேள்வி பாதிதாண்டி,” என்றாள் வெளியே வந்து.

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் நல்லா எழுதுனேன். எல்லாருக்கும் புரியற மாதிரி.”

பாதியில் நின்ற அந்தப் பதில் கப்பலேறிப் போனது. நாங்கள் காத்திருந்தோம். அவள் பட்டிக்குத் திரும்பியிருந்தாள். காலையில் பால், மதியம் புல், சாயங்காலம் மறுபடி பால். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலம் வந்து பட்டியைச் சேறாக்கிவிட்டுப் போனது. அத்தை ஒரு நாள் என்னிடம் மட்டும், மகள் காதில் விழாமல், “சீமை எவ்வளவு தூரம்மா?” என்றார். நான் சொன்னேன். “அம்மாடி,” என்றார், “கேள்வி கேக்கவா அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்தாங்க?”

முடிவு வந்த காலை நான் அவர்களோடு இருந்தேன். தேக்கா முனையில் நாகூர்ப் பக்கத்து மாமா ஒருவர் கடை வைத்திருந்தார். மிளகு, கிராம்பு, பாய், அத்தர், எல்லாம். கப்பல் எது வந்தது எது போனது என்று பார்க்க இங்கிலீஷ் பத்திரிகை வாங்குவார். அதைக் கல்லாப் பலகைமேல் விரித்து, எழுத்தின்மேல் விரல் வைத்து, உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படிப்பார். அவள் பால் ஊற்றப் போனவள் பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அதாவது, எதிர்ப்பக்கம்.

“மாமா, கைய எடுக்காதீங்க. திருப்பாதீங்க.”

“என்னா புள்ள?”

“பரீட்சை முடிவு.”

நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் முழங்கைகளைப் பலகைமேல் ஊன்றிக் குனிந்தாள். கண் ஓடியது. “இந்தா, உம்பேரு,” என்றாள் என்னிடம், நான் கண்டுபிடிக்கும் முன்பே. அப்புறம் தபாலாபீஸ்காரர் மகள். அப்புறம் வளையல்காரி. பேர்களுக்கு நடுவே அவள் விரல் போயிற்று, வந்தது, இன்னொரு முறை போயிற்று. மெதுவானது. நின்றது.

கடைக்கு வெளியே அத்தை இடுப்பில் பால்குடத்தோடு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

“இல்ல,” என்றாள் அவள், சின்னக் குரலில். நிமிரவில்லை.

“எது இல்ல?” மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “அட, கைய எடு புள்ள. பேப்பர்ல பாதி உன் முழங்கைக்குக் கீழதானே கெடக்கு.”

அவள் கையை எடுத்தாள். பக்கத்தின் உச்சி அவள் பக்கம்தான் இருந்தது, அவள் வயிற்றைத் தொட்டுக்கொண்டு. அங்கே தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில், சில பேர்கள் மட்டும். சிறப்பாகத் தேறியவர்கள். நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஒரே பார்வையில். அவள் தோள் மட்டும் ஒரு முறை இறங்கி ஏறியது.

நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். மாமா அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுவந்துவிட்டார். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார், உதட்டை அசைத்துக்கொண்டு, கப்பல் பேரைப் படிக்கிற அதே பொறுமையோடு.

“என்னவாம்?” அத்தை வெளியிலிருந்து கேட்டார்.

“இரு தாயி. இங்கிலீசு. நமக்கு மெதுவாத்தான் வரும்.”

அவர் அவள் பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு முறை தப்பாகச் சேர்த்து, திருத்தி, கடைசியில் முழுசாக, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, கடை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பாலில்லாத கடுங்கோப்பிதான்.